நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

நீங்கள் ஜன்னல் ஓரமே இருந்துகொள்ளுங்கள், அம்மா. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குக் காற்று வேண்டும். எனக்கு இந்த ஓரம் போதும். பையை மட்டும் காலடியில் வைத்துக்கொள்கிறேன். சற்றுக் கனம். உள்ளே ஸ்பேனர்கள் இருக்கின்றன. வளைவில் பேருந்து திரும்பும்போது சத்தம் கேட்டால் குழந்தை பயந்துவிடப் போகிறது.

ஊத்துக்குழிக்குத்தான் போகிறேன். நீங்களும் அங்கேதானா? நல்லதாயிற்று. இந்த மலைக்கு நான் வருவது இதுவே முதல் முறை. எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று நடத்துநரைக் கேட்டேன். ‘ஊரு வந்தா ஊரு தெரியும் சார்’ என்கிறார். இதெல்லாம் ஒரு பதிலா?

என் பெயர் அருணகிரி. அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊத்துக்குழியில் என் வண்டி நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் போகிறேன். சிறிய வண்டிதான், நூறு சிசி. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்றே செய்தது. ஆனால் அந்த நிறுவனத்தார் செய்து அனுப்பிய வண்டி வேறு, இப்போது இருக்கிற வண்டி வேறு. அதில் நான் கை வைக்காத இடம் ஒன்றுகூட இல்லை.

ஓட்டுபவன் நான் அல்லன். என் மனைவி ஓட்டுகிறாள். சுலோசனா என்று பெயர். கிராம சுகாதாரச் செவிலியர்.

ஆமாம், நர்சுதான்.

வண்டி வேண்டுமென்று கேட்டவளே அவள்தான். நான்கு சிற்றூர்களுக்குப் போய்வர வேண்டும். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஐம்பத்திரண்டு வயதில் எவ்வளவு தூரம் நடப்பாள்? ‘ஏனுங்க, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கலாமுங்களா?’ என்று கேட்டாள். ஸ்கூட்டியின் சக்கரம் சிறியது. பள்ளத்தில் விழுந்தால் எழாது. எனவே நான் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன். ‘கியர் வண்டியாச்சுங்களே’ என்று தயங்கினாள். பதினைந்தே நாளில் ஓட்டிவிட்டாள். என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடைவீதிவரை ஒருமுறை போனாள். தேநீர்க் கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். ‘வாத்தியாரே, கெட்டியாப் புடிச்சுக்குங்க’ என்று ஒருவன் கத்தினான். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாய் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து. வண்டி ஓட்டுகிறவள் தலையைப் பின்னால் சாய்க்கலாமா? சாலையை யார் பார்ப்பது?

அன்று மாலையே நான் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

முதலில் பின் இருக்கையைக் கழற்றினேன். தடுப்பூசிப் பெட்டி வைக்க இடம் வேண்டும் அல்லவா? இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தினேன். இனி யாரும் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார முடியாது. கண்டவர்களும் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. பிறகு பெட்ரோல் தொட்டியின் மூடியை மாற்றித் தனிப் பூட்டு வைத்தேன். அதன் சாவி என்னிடம் இருக்கும். கலப்படப் பெட்ரோலை யாராவது அவள் தலையில் கட்டிவிடக்கூடாது பாருங்கள். அடுத்து, இருக்கைக்கு அடியில் ஒரு மறைவான சுவிட்ச். அதைப் போட்டால்தான் வண்டி கிளம்பும். திருட்டுக்குப் பயந்து வைத்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு நானே போட்டுவிடுவேன். மாலையில் நானே அணைத்துவிடுவேன். அவளுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

கடைசியாக ஆக்சிலேட்டர். அதுதான் முக்கியம். கைப்பிடி முழுவதும் திரும்பினால்தானே வேகம்? கைப்பிடிக்கு உள்ளே ஒரு சிறிய போல்ட்டைத் தடையாகப் பொருத்திவிட்டால் பாதிக்கு மேல் திரும்பாது. சமதரையில் நாற்பது கிலோமீட்டர். அதற்குமேல் அவளே விரும்பினாலும் போகாது.

மெக்கானிக் தாவூதிடம்தான் முதலில் கொண்டுபோனேன். ‘நான் மாட்டமாட்டேனுங்க வாத்தியாரய்யா. அவசரத்துக்கு முறுக்குனா வண்டி எந்திரிக்கணும். இது ஆட்டோட காலக் கட்டி மேய விட்ட மாதிரி’ என்றார். படிக்காதவர். விசைக்கும் வேகத்திற்கும் வேறுபாடு தெரியாது. நானே பொருத்தினேன்.

பராமரிப்பிலும் நான் குறை வைத்ததில்லை. காலையில் முன் சக்கரத்துக்கு இருபத்தைந்து, பின் சக்கரத்துக்கு இருபத்தெட்டு என்று காற்று பார்ப்பேன். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைக் கழுவி எண்ணெய் விடுவேன். ஞாயிற்றுக்கிழமை பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். மாலையில் அவள் வந்ததும் முதலில் வண்டியைத்தான் பார்ப்பேன். மட்கார்டின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தாலே அன்றைக்கு எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். செம்மண் என்றால் காட்டூர். சுண்ணாம்பு கலந்தது என்றால் குவாரிப் பக்கம். ‘இன்று இரண்டு மண்ணும் இருக்கிறதே, எதற்கு?’ என்று கேட்பேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். நின்றபடியே பதில் சொல்வாள். மீட்டரையும் பார்த்துக்கொள்வேன். போகவர முப்பத்தெட்டு கிலோமீட்டர். நாற்பத்து நான்கு காட்டினால் அந்த ஆறு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று கேட்பது குற்றமா?

நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், குழந்தையைப் பாருங்கள், அது சிணுங்குகிறது. எத்தனை மாதம்? மூன்றரையா? கழுத்து நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு விபத்து நேர்ந்தது. எங்கள் ஊரை ஒட்டி ரயில்வே மேம்பாலம் ஒன்று உண்டு. அதில் ஏறும்போது பின்னாலிருந்து வந்த லாரி அவளுடைய பெட்டியில் உரசிவிட்டது. இடப்பக்கமாகத் தடுப்புச் சுவரில் சாய்ந்து விழுந்தாள். தோள்பட்டை எலும்பில் விரிசல். மூன்று வாரம் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டிருந்தாள். வண்டிக்கு அதிகம் ஒன்றுமில்லை. மட்கார்டு வளைந்தது, ஒரு கண்ணாடி உடைந்தது.

‘ஏறமாட்டேங்குதுங்க. முறுக்குறேன், முறுக்குறேன், வரவே இல்லீங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான், ஒதுங்க எடமில்ல, வண்டி நிக்கிற மாதிரி போகுது’ என்றாள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதையே நான்கு முறை சொன்னாள். நான் பொறுமையாக விளக்கினேன். ஏற்றத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறங்கியிருக்க வேண்டும், அவள் இறங்கவில்லை. பிழை கியரில் இருக்கிறது, வண்டியில் இல்லை. ‘ரெண்டுலதாங்க இருந்தேன்’ என்றாள். அச்சத்தில் அவளுக்கு நினைவு தவறியிருக்கும்.

அவள் குணமானதும் அந்தப் போல்ட்டை இன்னும் சற்று உள்ளே திருகி முப்பத்தைந்தாக்கினேன். விபத்து நடந்த பிறகு வேகத்தைக் குறைப்பதுதானே முறை?

அதன்பின் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டரும் ஒழுங்குக்கு வந்துவிட்டது. முப்பத்தெட்டு. மறுநாள் முப்பத்தெட்டு. புரட்டாசி முழுவதும் முப்பத்தெட்டு. ஒரு கிலோமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? ஒரு மனுஷி இவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஐப்பசியில் எஞ்சின் எண்ணெயை மாற்றப் போனேன். கடைசியாக மாற்றியபின் மீட்டர்படி ஓடியது ஆயிரத்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. எண்ணெயோ தாராக இருந்தது. செயின் தொய்ந்திருந்தது. பின் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தேய்ந்து கோடு தெரிந்தது. மீட்டர் ஒன்று சொல்கிறது, வண்டியின் உடம்பு வேறொன்று சொல்கிறது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். தொள்ளாயிரம் கிலோமீட்டர், அம்மா. மீட்டருக்குத் தெரியாமல் தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

எப்படி என்று கேளுங்கள். மீட்டருக்குக் கீழே ஒரு கேபிள் வருகிறது. முன் சக்கரம் சுற்றும்போது அதுவும் சுற்றும். அதனால்தான் எண் ஏறுகிறது. அதைப் பிடித்திருக்கும் நட்டைக் கையாலேயே கழற்றலாம். கழற்றிவிட்டால் வண்டி எங்கே போனாலும் மீட்டர் தூங்கும். இதை அவளுக்கு விளக்கியவன் நான்தான். பழகிய முதல் வாரத்தில், படம் போட்டு விளக்கினேன்.

நான் கத்தவில்லை. கை நீட்டியவனும் அல்லன். முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட இல்லை. எங்கே போனாய் என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ‘எங்கியுமில்லீங்க’ என்றாள். மறுபடி கேட்டேன். தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நானும் கட்டில் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டேன். விடியும்வரை கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இனி நடக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். விடைத்தாள் கட்டுக்கு அரக்கு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மெழுகுவத்தியில் காட்டி, உருகியதும் நூல் முடிச்சின்மேல் சொட்டி, முத்திரையை அழுத்துவோம். உடைத்தால் ஒட்டவைக்க முடியாது. அந்த அரக்கில் ஒரு துண்டு என்னிடம் மீதமிருந்தது. கேபிள் நட்டின்மேல் அரக்கு வைத்து, என் முதலெழுத்து பொறித்த மோதிரத்தால் அழுத்தினேன். தேர்வுக்கூடத்தில்கூட அவ்வளவு அழகாக வைத்ததில்லை.

காலையில் அவள் பார்த்தாள். குனிந்து நெடுநேரம் பார்த்தாள். விரலால் ஒருமுறை தொட்டாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

பதினொரு நாள் அரக்கு உடையவில்லை. அந்தப் பதினொரு நாள்களும் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. இரண்டு வேளையும் சூடாகச் சமைத்தாள். நான் கேட்காமலேயே மண் எந்த ஊர் மண் என்று அவளே சொன்னாள். குறைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று எண்ணினேன்.

பன்னிரண்டாம் நாள் ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்திற்குப் போயிருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறோம் என்று நேரில் போய்க் காட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் போனேன். மாலை மூன்று மணிக்குத் திரும்பினால் கதவு பூட்டியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. அதன்மேல் தகரப் பெட்டி, பூட்டு வைத்த மூடி, சுவிட்ச், ஆக்சிலேட்டர் போல்ட். அரக்கு இரண்டு துண்டாக. எல்லாம் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு கடிதம்கூட இல்லை. வரிசை மட்டும் மிகச் சரியாக இருந்தது. நான் எந்த வரிசையில் பொருத்தினேனோ அதே வரிசை.

தாவூதிடம் போனேன். அவர்தான் கழற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முன்பும் பலமுறை அவளே போல்ட்டையும் பூட்டு மூடியையும் கழற்றிப் பெட்ரோல் போட்டு ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வருமுன் மறுபடி மாட்டியிருக்கிறாள். அடுத்தவர் வீட்டு வண்டியில் கைவைப்பது தவறில்லையா என்று கேட்டேன். எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே, ‘கழட்டுனது தப்புன்னா மாட்டுனது என்னங்க வாத்தியாரய்யா? அந்தம்மா பாலத்துல கெடந்தப்ப தூக்குனது நானு. நீங்க வந்ததும் மொதல்ல வண்டியத்தானே சுத்திப் பாத்தீங்க’ என்றார். அவர் பட்டறையில் இருந்த நான்கு பேர் சிரித்தார்கள். இதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

பிறகு விசாரித்ததில், மாறுதல் கேட்டுத் தானே விண்ணப்பித்து, ஆணையும் பெற்றுவிட்டாள் என்று தெரிந்தது. எந்த ஊர் என்று அலுவலகத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ‘மேடம் சொல்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க’ என்கிறார்கள். கணவனிடமா? வண்டி எண்ணைத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்து இரண்டு மாதம் தேடினேன். கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன், உரம் விற்கிறவன், தொலைபேசியில் அழைத்தான். ‘சார், நீங்க சொன்ன நம்பர் வண்டி ஊத்துக்குழி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குதுங்க சார். உங்க வூட்டம்மா நல்லாருக்காங்க’ என்றான். பெருமையாக இருந்தது. நான் கற்பித்தவர்களுக்கு எண்கள் மறப்பதில்லை.

தொள்ளாயிரத்தை வகுத்துப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து இந்த மலைக்குப் போகவர நூற்று எண்பது. ஐந்து முறை வந்து போயிருக்கிறாள். வீடு பார்க்க, பள்ளம் மேடு பழக, எதற்கோ. அந்த வளைவுகளில், எந்தத் தடையும் இல்லாத ஆக்சிலேட்டரோடு.

நான் சண்டைக்குப் போகவில்லை, அம்மா. அவளைக் கூப்பிடப் போவதும் இல்லை. இன்று புதன்கிழமை. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை உள்ளேதான் இருப்பாள். தலை நிமிர நேரமிருக்காது. வண்டி வெளியே நிற்கும். எனக்கு வேண்டியது பத்து நிமிடம். அந்தப் போல்ட் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இந்த முறை இன்னும் உள்ளே திருகுவேன். சமதரையில் இருபது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் வந்துபோனதே அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த மலையில் எந்த ஏற்றத்திலும் வண்டி ஏறாது. ஏறாவிட்டால் ஊர் ஊராகப் போக முடியாது. போக முடியாவிட்டால் இந்த வேலை இங்கே நடக்காது. தானாகவே திரும்பி வருவாள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

என்ன கேட்டீர்கள்? பாதி ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருளாதா என்றா? உருளும்தான். அதற்குத்தான் பிரேக் இருக்கிறது. கட்டை தேய்ந்திருந்ததைச் சொன்னேனே, அதை அவள் மாற்றியிருப்பாளா என்பது தெரியவில்லை. மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் அது அவளுடைய கவனக்குறைவு.

நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள். பாதியில் குறுக்கே பேசாமல் கேட்பவர்கள் இப்போது அரிது. ஆனால் முகம் வெளுத்திருக்கிறதே, வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லையா? எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், முகர்ந்து பாருங்கள். வேண்டாமா?

அப்படியா? இங்கேயா இறங்க வேண்டும்? இந்த இடத்தில் ஒரு வீடுகூடத் தெரியவில்லையே. ஓ, ஆஸ்பத்திரி ஊருக்குள் இல்லையா? பழைய கட்டடம் இடிந்துவிட்டதால் கீழ் ஊத்துக்குழிக்கு மாற்றிவிட்டார்களா? மிளகுத் தோட்டத்தை ஒட்டிய மண்பாதையில் மூன்று கிலோமீட்டர். சரி. இடையில் ஓடை வரும், அதைத் தாண்ட வேண்டும். சரி. நீங்கள் சொல்லாவிட்டால் வீணாக மேலே போய் அலைந்திருப்பேன். நடத்துநரே, நிறுத்துங்கள். ஆமாம், இங்கேதான். இந்த அம்மா உள்ளூர்க்காரர், அவர் சொல்கிறார். என்னய்யா விழிக்கிறீர்? விசில் ஊதும்.

பையைக் கொடுங்கள். நன்றி.

ஒரு நிமிடம். நான் இறங்கியதும் நீங்கள் தொலைபேசியில் பேசியது ஜன்னல் வழியே கீழே என் காதில் விழுந்தது, தப்பாக நினைக்காதீர்கள். ‘அக்கா, வண்டியத் தள்ளி உள்ள நிறுத்திட்டுக் கதவ சாத்திக்கோங்க, நான் வந்து சொல்றேன்’ என்றீர்களே. உங்கள் அக்காவிடமும் வண்டி இருக்கிறதா? உள்ளே நிறுத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் பெட்ரோல் குழாயை மூடிவைக்கச் சொல்லுங்கள். மூடிய அறையில் வாயு சேரும்.

அழாதே கண்ணு, தாத்தா போய்விடுவார்.

மூன்று கிலோமீட்டர் என்றால் எனக்கு நாற்பது நிமிடம். இன்று அங்கே வண்டி இல்லையென்றாலும் பரவாயில்லை, அம்மா. அடுத்த ஊரில் கேட்பேன். அதற்கும் அடுத்த ஊரில் கேட்பேன். இந்த மலையில் மொத்தம் பதினான்கு ஊர்கள் என்று நடத்துநர் சொன்னார். நான் ஓய்வுபெற்றவன். எனக்கு எந்த அவசரமும் இல்லை.